தண்ணீருக்கு வழி விட்டுவிட்டு மனை பிரிப்போம்

வணக்கம் மக்களே. சேலம் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு நாலு ஏக்கர் நிலத்தில் நிற்கிறேன். பின்னால் தெரிவது சேர்வராயன் மலை. இதை மனைகளாகப் பிரிக்க வரைபடம் போடும் வேலை எனக்கு வந்திருக்கிறது. நான்கு பில்டர்கள் ஆளுக்கொரு பகுதியை எடுத்து வீடு கட்டப் போகிறார்கள்.

இங்கே எட்டு அடி நடந்தால் ஒரு அடி இறங்குகிறது. 40 அடி நீள மனையை மலையைப் பார்த்துப் போட்டால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் 5 அடி வித்தியாசம் வரும். முதலில் என்னிடம் காட்டிய வரைபடத்தில் மேலிருந்து கீழே நேராக ஒரு ரோடு. மனை நாலைந்து கூடுமாம். நான் சம்மதிக்கவில்லை. அந்த ரோட்டில் எம்-சாண்ட் லாரி ஏறத் திணறும், மழை வந்தால் அதுவே ஓடையாகிவிடும். ரோடு சரிவுக்குக் குறுக்கே போகட்டும், மனையின் நீளமும் அதே திசையில் இருக்கட்டும்.

அதோ, அந்தப் பள்ளம் தெரிகிறதா? சர்வே துறை வரைந்த புலப்படத்தில் அது இல்லை. போன ஐப்பசி மழையில் வந்து பார்த்தேன், முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடியது. அதை மண் கொட்டி மூடினால் இன்னும் இரண்டு மனை கிடைக்கும் என்கிறார்கள். நிலம் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால் ரோடு போக மீதியில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். அந்தப் பூங்காவை இந்தப் பள்ளத்தை ஒட்டியே வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஹாகா என்கிற மலைப் பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் கிராமம் இருக்கிறதா, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு, டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி எல்லாம் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

எனக்குப் பயம் பேஸ்மென்ட் உயரத்தில்தான். நான்கு பேரும் அவரவர் இஷ்டத்துக்கு உயர்த்தினால் மேல் மனைத் தண்ணீர் கீழ் மனைக்குள் இறங்கும். எங்கள் வீட்டில் அது நடந்தது. மேலே இருந்தவர் தடுப்புச் சுவர் கட்டாமல் மண்ணை நிரப்பினார். ஒரே ராத்திரி மழையில் அம்மாவின் சமையலறைக்குள் சேறு. அரிசி டப்பாவைத் தூக்கக்கூட நேரமில்லை. அதனால் இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பெரிய பாறையில் சிவப்புப் பெயின்டில் ஒரு குறி வைத்திருக்கிறேன். யாரும் அசைக்க முடியாத கல். எல்லா மனைக்கும் தரைமட்டம் அதிலிருந்துதான் அளந்து எழுதப்படும், நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். மண் நிரப்புகிறவரே தடுப்புச் சுவரும் கட்ட வேண்டும். சுவருக்குப் பின்னால் ஜல்லி, சுவரில் ஐந்தடிக்கு ஒரு தண்ணீர்த் துளை. துளை இல்லாவிட்டால் ஊறிய மண் சுவரையே தள்ளிவிடும்.

அப்புறம் அஸ்திவாரம். இங்கே ஒரு மூலையில் மூன்றடியிலேயே கருங்கல் வருகிறது, பக்கத்து மூலையில் செம்மண். பாதி வீடு பாறையிலும் பாதி வீடு நிரப்பின மண்ணிலும் உட்கார்ந்தால் மண் பக்கம் மட்டும் இறங்கி, சுவர் குறுக்கே விரிசல் விடும். ஆகவே மொத்த நிலத்துக்கும் ஒரு குழி போதாது, மனைக்கு ஒரு குழியாவது தோண்டிப் பாருங்கள்.

நாளைக்குக் காலையில் நான்கு பேரும் இங்கே வருகிறார்கள். பள்ளத்தின் மேல் ரோடு கடக்கும் இடத்தில் சிறுபாலத்துக்கு யார் எவ்வளவு தருவது என்பதை முதலில் பேசப் போகிறோம். வீடு கட்ட ஆரம்பித்த பிறகு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.