சாம்பிள் 1000னு எழுதியிருக்கீங்களா? ஸ்கூலை எண்ணுங்க

வணக்கம் மக்களே. பிஎச்டி-ல ஸ்கூல் டேட்டா வச்சிருக்கிறவங்களுக்கான வீடியோ இது. ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம்: 40 ஸ்கூல், ஸ்கூலுக்கு 25 பசங்க, மொத்தம் 1000 பேர். மேக்ஸ் மார்க்தான் அளக்குறோம்.

ஆர்-ங்கிற புள்ளியியல் மென்பொருள்ல, எல்மர் (lmer) ஃபங்ஷனை எடுத்து, எந்தக் காரணியும் சேர்க்காம, ஸ்கூலை மட்டும் ரேண்டமா, அதாவது ஸ்கூலுக்கு ஸ்கூல் சராசரி மாறலாம்னு வச்சு ஓட்டுங்க. வேரியன்ஸ், அதாவது மார்க் எவ்வளவு சிதறுதுங்கிற அளவு, ஸ்கூலுக்கு ஸ்கூல் 18, ஸ்கூலுக்குள்ள 72, மொத்தம் 90னு வருதுன்னு வைங்க. 18-ஐ 90-ஆல வகுத்தா 0.20. அதுதான் ஐசிசி, ஒரே ஸ்கூல் பசங்க மார்க்ல எவ்வளவு ஒத்துப்போறாங்கன்னு காட்டுற எண். இப்ப 25-ல 1 கழிச்சு, 0.20-ஆல பெருக்கி, 1 கூட்டுங்க: 5.8. இதுதான் டிசைன் எஃபெக்ட், பசங்களை ஸ்கூல் ஸ்கூலா எடுத்ததால வேரியன்ஸ் எத்தனை மடங்கு கூடுதுங்கிற கணக்கு. 1000-ஐ அதால வகுத்தா 172. சராசரியை மதிப்பிடுறதுக்கு உங்க 1000 பேரும் 172 பேருக்குச் சமம், அவ்வளவுதான். புதுப் பாடமுறை மாதிரி ஸ்கூல் முழுசுக்கும் பொதுவான விஷயத்துக்கும் இதே கதிதான். ஸ்கூலைக் கணக்குல எடுக்காம சாதாரண ரிக்ரெஷன் போட்டா, ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீடு எவ்வளவு தவறலாம்ங்கிற அளவு) 2.4 மடங்கு சின்னதாத் தெரியும். முடிவு முக்கியமானதுன்னு காட்டுற ஸ்டார் ஸ்டாரா வரும், அதை நம்ப முடியாது.

"சரி, இன்னும் 400 பேரைச் சேர்க்கிறேன்"னு கிளம்பாதீங்க. அதே 40 ஸ்கூல்ல தலா 35 பேர் எடுத்தா, டிசைன் எஃபெக்ட் 7.8 ஆயிடும், 1400-ஐ அதால வகுக்கணும். 179தான் வரும். 400 பேருக்குப் பரீட்சை வச்சு, பேப்பர் திருத்தி, கிடைச்சது வெறும் 7. அதே 400 பேரை 16 புது ஸ்கூல்ல எடுத்தா 241. பஸ் செலவு கூடும்தான், பரவாயில்ல.

ஐசிசி 0.02தானேன்னு விட்டுடவும் கூடாது. ஸ்கூலுக்கு 25 பேர்னா அதுவே ஸ்டாண்டர்ட் எரரை 22 சதவீதம் ஏத்தும்.

ஸ்கூல் 12, 15தான் கிடைக்குதா? ரெமல் (REML)-ங்கிற முறையில வேரியன்ஸை மதிப்பிட்டு, குரூப் கம்மியா இருக்கிறப்போ போடுற கென்வார்ட்-ரோஜர் திருத்தம் போடுங்க. 'சிங்குலர் ஃபிட்'னு எச்சரிக்கை வந்தா, பெரும்பாலும் அந்தச் சின்ன டேட்டா தாங்காத ரேண்டம் ஸ்லோப் (ஒரு மாறியோட விளைவு ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறலாம்னு விடுறது) வச்சிருப்பீங்க. முதல்ல அதை எடுத்துட்டு ஓட்டிப் பாருங்க.

டியூஷன் நேரம் மாதிரி பசங்க அளவிலான மாறி இருந்தா, அவங்க ஸ்கூல் சராசரியைக் கழிச்சுட்டு உள்ள விடுங்க, அந்தச் சராசரியையும் தனி மாறியா சேருங்க. இல்லன்னா ஸ்கூலுக்குள்ள இருக்கிற விளைவும் ஸ்கூலுக்கு ஸ்கூல் இருக்கிற விளைவும் ஒரே எண்ல கலந்துடும்.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். மாவட்டத்துக்கு மாவட்டம் ஸ்கூலுக்கு 1, 2, 3னு நம்பர் போட்டா, மதுரை 1-ம் சேலம் 1-ம் ஒரே ஸ்கூல்னு ஆர் எடுத்துக்கும். ஒவ்வொரு ஸ்கூலுக்கும் அரசு தர்ற 11 இலக்க யூடைஸ் கோடையே போடுங்க, அந்த நெடுவரிசையை எண்ணா இல்லாம டெக்ஸ்ட்டா வச்சுடுங்க.