செல்லே மருந்தாகும் காலம்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகங்களின் உயிரியல், உயிர்ப்பொறியியல் துறைகள் அண்மைக் காலத்தில் என்ன சாதித்திருக்கின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். பத்துப் பதினைந்து செய்திகளை அடுக்கி வாசித்துவிட்டுப் போவது எளிது. கேட்பவர் நெஞ்சில் ஒன்றும் தங்காது. ஆகவே ஒரே ஒரு சாதனையை எடுத்துக்கொண்டு, அது எப்படி நடந்தது என்று சற்று ஆழமாகப் பார்க்கலாம் என நினைக்கிறேன். மும்பை ஐஐடியின் உயிர் அறிவியல், உயிர்ப்பொறியியல் துறையில் உருவாகி, 2023 அக்டோபரில் நம் நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியைப் பெற்ற நெக்ஸ்கார்19 என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைதான் அது. கார்-டி செல் சிகிச்சை என்று மருத்துவ உலகம் அழைக்கும் வகையைச் சேர்ந்த இது, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டு அனுமதி பெற்ற முதல் சிகிச்சை.

ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பி செல், டி செல் என்று இரண்டு வகைகள் உண்டு. கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்யும் வேலை பி செல்களின் வழியில் நடக்கிறது. கிருமி புகுந்த செல்லை நேருக்கு நேர் அழிக்கும் வேலை டி செல்களில் ஒரு பிரிவுக்கு உரியது. சில நேரங்களில் இந்தப் பி செல்களே கட்டுக்கடங்காமல் பெருகத் தொடங்குகின்றன. குழந்தைகளை அதிகமாகத் தாக்கும், லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோயின் ஒரு வகையும், பெரியவர்களிடம் காணப்படும் பல நிணநீர்ப் புற்றுநோய்களும் இப்படி வருபவையே. வீட்டுப் பிள்ளையைக் காவல்காரன் சோதனையிடுவதில்லை என்பதுபோல, உடலிலேயே பிறந்து வளர்ந்த இந்தச் செல்களை டி செல்கள் பெரும்பாலும் சந்தேகிப்பதில்லை.

பி செல் ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் சிடி19 என்றொரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு பற்றிக்கொள்ளும் செயற்கை ஏற்பி ஒன்றை டி செல்லுக்குப் பொருத்திவிட்டால், அது புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் போய் அழிக்கும். அந்தச் செயற்கை ஏற்பியின் சுருக்கப் பெயர்தான் கார்; அது பொருத்தப்பட்ட டி செல்லே கார்-டி செல். ஏற்பியின் வெளிப்பாதி எதிர்ப்பொருளிலிருந்து எடுத்த பிடி. உட்பாதி டி செல்லைத் தூண்டிவிடும் சமிக்ஞைப் பகுதி. இயற்கையில் ஒன்றாக இல்லாத இரண்டு உறுப்புகளை ஒரே மூலக்கூறாக இணைக்கலாம் என்ற யோசனையை 1980களின் இறுதியில் செய்து காட்டியவர், இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த செலிக் எஷ்ஹார். அதை நோயாளியின் படுக்கைக்குக் கொண்டுவந்த குழுக்களுள் முதன்மையானது, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கார்ல் ஜூன் தலைமையில் இயங்கிய குழு.

2012இல் அக்குழுவினர் சிகிச்சை அளித்த முதல் குழந்தை எமிலி வைட்ஹெட். டி செல்கள் உள்ளே போன சில நாட்களில் கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே ஆபத்தான நிலையில் சிறுமி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். ரத்தத்தைச் சோதித்தபோது இன்டர்லூகின்-6 என்ற புரதம் அளவுக்கு மீறி ஏறியிருந்தது தெரிந்தது. அதைத் தடுக்கும் மருந்து ஒன்று, புற்றுநோய்க்கு அன்று, மூட்டுவாதத்துக்குச் சந்தையில் இருந்தது. கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம் இருந்ததால் அந்த மருந்தைப் பற்றி அவர் அறிந்திருந்தார். கொடுத்தார்கள், சிறுமி பிழைத்தாள். இன்று உலகெங்கும் கார்-டி சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் அந்த மூட்டுவாத மருந்து கையெட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஜூனின் குடும்பத்தில் அப்படியொரு நோய் இல்லாதிருந்தால் இந்தத் துறையின் கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

2017 ஆகஸ்டில் அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. விலை ஒரு நோயாளிக்கு 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய். மருத்துவமனைச் செலவு அதற்குள் அடங்காது.

நம் நாட்டில் இதைச் செய்வதற்குப் பேராசிரியர் ராகுல் புர்வார் 2013இல் மும்பை ஐஐடியில் சேர்ந்த பிறகு முயற்சி தொடங்கியது. அல்கா துவிவேதி, அதர்வா கருல்கர் முதலிய முனைவர் பட்ட மாணவர்கள் ஆய்வக வேலையின் பெரும்பகுதியைச் செய்தார்கள். மருத்துவத் தரப்பில் டாடா நினைவு மையத்தின் கௌரவ் நருலா, ஹஸ்முக் ஜெயின் உள்ளிட்ட மருத்துவர்கள் இணைந்தார்கள். 2018இல் ஐஐடி வளாகத்திலேயே இம்யூனோஆக்ட் என்ற நிறுவனம் உருவானது. 2021 ஜூனில் முதல் நோயாளிக்குச் செல்கள் செலுத்தப்பட்டன.

“அமெரிக்காவில் ஏற்கெனவே கண்டுபிடித்ததைத்தானே இங்கே மலிவாகச் செய்தார்கள், இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வுத் தலைப்பு கேட்டு வரும் முதுநிலை மாணவர்கள் பலரும், ஒருவரும் தொடாத ஒன்றைத் தொட்டால்தான் ஆய்வு என்ற எண்ணத்தோடுதான் வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு காரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, அந்த ஏற்பியின் வெளிப்பாதி. வெளிநாட்டில் முதலில் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சைகளில் சிடி19 புரதத்தைப் பற்றும் பகுதி, எலியிலிருந்து பெறப்பட்ட எதிர்ப்பொருள் ஒன்றின் துண்டு. மனித உடல் அதை அந்நியப் பொருள் என்று கண்டுகொண்டு எதிர்க்க இடமுண்டு. எதிர்த்தால், செலுத்திய செல்கள் நீடித்து வாழாமல் போகலாம். மும்பைக் குழு அந்தத் துண்டை, பற்றும் திறன் கெடாதபடி, இயன்றவரை மனிதப் புரதத்தின் அமைப்புக்கு மாற்றியது. சொல்லும்போது ஒரு வரி. ஆனால் அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக மாற்றி, பிடி தளர்கிறதா, செல்லின் சீற்றம் கூடுகிறதா குறைகிறதா என்று மீண்டும் மீண்டும் சோதிக்க வேண்டிய வேலை அது.

இரண்டாவது, வைரஸ். புதிய ஏற்பிக்கான மரபணுவை டி செல்லுக்குள் கொண்டுசேர்க்க லென்டிவைரஸ் என்ற வகை வைரஸைப் பயன்படுத்துகிறார்கள். எச்.ஐ.வி.யும் இதே குடும்பம்தான். பெருகுவதற்கான மரபணுக்களை நீக்கிவிட்டு, மரபணுவைச் சுமந்து செல்லும் வாகனமாக மட்டும் அதை வைத்துக்கொள்கிறார்கள். நோயாளிக்குப் பயன்படுத்தும் தூய்மையில் இதை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் செலவு தலைக்கு மேல் போகும். அதை இங்கேயே தயாரிக்கக் கற்றுக்கொண்டதுதான் விலை இறங்கியதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. சாதனை என்று பத்திரிகைகளில் படம் போட முடியாத வேலை. ஆனால் அது இல்லாமல் மற்றவை எதுவும் நடந்திருக்காது.

இனி, ஒரு நோயாளிக்கு இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். கையிலோ கழுத்திலோ குழாய் பொருத்தி, ரத்தத்தை ஓர் இயந்திரத்தின் வழியே ஓடவிடுகிறார்கள். இயந்திரம் ரத்தத்தைச் சுழற்றி வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்து ஒரு சிறிய பைக்கு அனுப்பிவிட்டு, மீதியை உடலுக்கே திருப்பி விடுகிறது. சில மணி நேரம் பிடிக்கும். அந்தப் பை தூய்மைக் கூடத்துக்குப் போகிறது. அங்கே டி செல்களைத் தனியாக எடுத்து, தூண்டி, வைரஸ் வழியாக மரபணுவைச் செலுத்தி, பல கோடியாகப் பெருக்குகிறார்கள். பிறகு கிருமித் தொற்று உண்டா, எத்தனை விழுக்காடு செல்களில் புதிய ஏற்பி முளைத்திருக்கிறது என்றெல்லாம் சோதித்து, உறைய வைக்கிறார்கள். ஒவ்வொரு பையிலும் ஒரே ஒரு மனிதரின் அடையாளம்தான். பை மாறிப்போனால் அது மருந்தன்று, நஞ்சு. மற்ற மருந்துகளைப் போல ஆயிரக்கணக்கில் செய்து அடுக்கி வைக்க முடியாததால்தான் இதன் விலை இந்த அளவுக்கு உயர்கிறது.

செலுத்தும் நாளுக்கு முன்பு, புதிய செல்களுக்கு இடம் கிடைப்பதற்காகச் சில நாட்கள் கீமோதெரபி கொடுக்கிறார்கள். அன்றைக்கு, திரவ நைட்ரஜன் கலத்திலிருந்து பையை எடுத்து, வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் உருக்கி, தாமதிக்காமல் ரத்த நாளம் வழியாக ஏற்றுகிறார்கள். இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு சிகிச்சை என்பது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. செல்கள் உறையும்போது உடையாதிருக்கச் சேர்த்த வேதிப்பொருள் நோயாளியின் மூச்சில் வெளியேறுவதால், அந்த அறையில் பூண்டு வாடை அடிக்கும். உள்ளே வரும் உறவினர்கள் சாப்பாட்டு வாடை என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

நெக்ஸ்கார்19 சோதனையின் முடிவுகள் 2025இல் லான்செட் குழுமத்தின் ரத்தவியல் இதழில் வெளியாயின. 64 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், பலனை மதிப்பிட முடிந்தவர்களில் சுமார் 73 விழுக்காட்டினரிடம் நோய் பின்வாங்கியது. மற்றச் சிகிச்சைகள் பலனளிக்காமல் போனவர்கள் அல்லது நோய் திரும்பி வந்தவர்கள் இவர்கள் என்பதை மனத்தில் வைத்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் பக்க விளைவு மிகக் குறைவாகவே காணப்பட்டது. அதே சமயம், ரத்த அணுக்கள் குறைந்துபோவது பெரும்பாலோரிடம் இருந்தது; சிகிச்சையுடன் தொடர்புடைய மரணங்கள் இரண்டு. வெற்றிச் செய்திகளில் இந்த இரண்டைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது.

விலை, அமெரிக்க விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதுவும் பல லட்சம் ரூபாய் என்பதால், மாதச் சம்பளக் குடும்பம் ஒன்று நகையை அடகு வைத்தாலும் எட்டாது. காப்பீடும் அரசுத் திட்டங்களும் எந்த அளவு கைகொடுக்கின்றன என்பதைப் பொறுத்தே இது யாருக்குப் போய்ச் சேரும் என்பது முடிவாகும்.

இதே லென்டிவைரஸ் வாகனத்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்தியவர்கள் நம் வேலூரில் இருக்கிறார்கள். ஹீமோபிலியா ஏ என்ற நோயில், ரத்தம் உறைவதற்குத் தேவையான எட்டாம் காரணி உடலில் உற்பத்தியாவதில்லை. சிறு காயமும், காயமே இல்லாமல் மூட்டுக்குள் கசியும் ரத்தமும் நோயாளிகளை முடக்கிவிடும். வாழ்நாள் முழுவதும் ஊசி. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தண்டுசெல் ஆராய்ச்சி மையத்தில் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து, நோயாளியின் சொந்த ரத்தத் தண்டுசெல்களில், அதாவது ரத்த அணுக்கள் பிறக்கும் மூலச் செல்களில், அந்தக் காரணிக்கான மரபணுவைப் புகுத்தித் திரும்பச் செலுத்தியது. 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அவர்களுடைய கட்டுரையின்படி, ஐந்து பேருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டு, அனைவரையும் சேர்த்து மொத்தம் 81 மாதங்கள் கண்காணிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஐந்து என்பது சிறிய எண்தான். முன்னதாகக் கடுமையான கீமோதெரபியும் தேவைப்படுகிறது. ஆயினும் வாரந்தோறும் ஊசிக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை ஹீமோபிலியா உள்ள பிள்ளையை வளர்த்தவர்கள் அறிவார்கள்.

கார்-டி செல்களின் பயணம் புற்றுநோயோடு நிற்கவில்லை. லூபஸ் என்ற நோயில் பி செல்கள் உடலின் சொந்த உறுப்புகளுக்கு எதிராகவே எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்யக் காரணமாகின்றன. அப்படியானால் அந்தப் பி செல்களையும் இதே முறையில் துடைத்தெடுக்கலாமே என்று ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கியோர்க் ஷெட் குழுவினர் முயன்றார்கள். 2024இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 15 நோயாளிகள்; அவர்களில் லூபஸ் நோயாளிகள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேருக்குமே நோய் அடங்கி, மருந்துகளை நிறுத்த முடிந்தது. பி செல்கள் சில மாதங்களில் திரும்ப முளைத்தபோது, நோய் அவற்றோடு திரும்பி வரவில்லை என்பதுதான் என்னை வியக்க வைத்த செய்தி.

இதற்கடுத்த முயற்சி, தூய்மைக் கூடத்தையே தவிர்த்துவிடுவது. கோவிட் தடுப்பூசியில் பயன்பட்ட, புரதம் செய்வதற்கான குறிப்பைச் செல்லுக்குச் சொல்லும் எம்ஆர்என்ஏவையும், அதைச் சுமந்து செல்லும் கொழுப்புத் துகள்களையும் கொண்டு, ரத்த நாளத்தில் ஊசி போட்டு, உடலுக்குள்ளேயே டி செல்களுக்கு ஏற்பியைப் பொருத்தப் பார்க்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எலிகளில் செய்து காட்டினார்கள். பிறகு குரங்குகளிலும் பலன் தெரிந்திருக்கிறது. இது மனிதரிடமும் நிலைக்குமானால், ஒவ்வொருவருக்கும் தனிப்பை என்ற நிலை மாறி, மற்ற மருந்துகளைப் போலக் குப்பிகளில் அடைத்து வைக்கலாம். விலையின் பெரும்பகுதி அத்தோடு விழுந்துவிடும். லென்டிவைரஸைத் தயாரிக்கக் கற்றுக்கொண்ட நம் துறைகள், கொழுப்புத் துகள்களையும் இப்போதே தயாரிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே, ஆய்வு நிதி ஒதுக்கும் இடங்களில் இருப்போர் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கு நான் வைக்கும் கோரிக்கை.

நன்றி, வணக்கம்.