பொடக்காளியில் ஒரு நீச்சல் தொட்டி

சேலத்து நேயர்களுக்கு வணக்கம்.

நான் நீந்தப் பழகியது வாழப்பாடிப் பக்கம், எங்கள் தோட்டத்துக் கிணற்றில். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி அப்பா இறக்கிவிடுவார். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒருநாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டார். அன்றைக்கும் தண்ணீர் என்னைத் தாங்கியது. அந்த நாட்களில் பெரியப்பா துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிணற்றுப் படியில் உட்கார்ந்திருப்பார். கடைசிப் பையன் கரையேறும் வரைக்கும் எழமாட்டார்.

அந்தக் கிணறு வறண்டு பல வருடமாகிறது. பக்கத்திலேயே போர் போட்டிருக்கிறோம். என் அக்காவின் பேரப்பிள்ளைகள் டவுனில் வளர்கிறார்கள், ஒன்றுக்கு ஆறு வயது, இன்னொன்றுக்கு ஒன்பது. போன கோடையில் ஏரிக்கரையில் நின்றபோது இருவரும் தண்ணீரைக் கண்டு பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பார்த்தபிறகுதான் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டுப் பின்புறம், எங்கள் பேச்சில் பொடக்காளி, அங்கே ஒரு தொட்டி போட்டே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சிமென்ட் தொட்டி கட்டலாமா என்று கேட்பீர்கள். கட்டட வேலை மேற்பார்வை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் ஊரில் நாலடி தோண்டினால் பல இடங்களில் பாறைதான். பிள்ளைகள் மூச்சடக்கி, மிதந்து, கை வீசப் பழக அவ்வளவு செலவு தேவையில்லை. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தடித்த பிவிசி ஷீட் மாட்டிய வட்டத் தொட்டி போதும். நாங்கள் வாங்கியது பத்தடி விட்டம், இரண்டரை அடி உயரம். தண்ணீர் இரண்டடி நிற்கும்.

இரண்டடிதானே என்று நினைத்துவிடாதீர்கள். அது கிட்டத்தட்ட 4,500 லிட்டர், அதாவது நாலரை டன் எடை. சதுர மீட்டருக்கு 600 கிலோ. ஆட்கள் நடமாடும் வீட்டு மொட்டை மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு பாரம் வரும் என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். மாடியில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்ட எல்லோருக்கும் ஒரே பதில், கூடாது. செப்டிக் டேங்க் மூடி, சம்ப் மூடி மேலும் கூடாது. மேலே கரண்ட் கம்பி போகும் இடமும் வேண்டாம்.

தரை மட்டம்தான் முக்கியமான வேலை. முதல் தடவை நான் அவசரப்பட்டேன். பள்ளமான பக்கம் செம்மண் கொட்டி, மிதித்து, மேலே தார்ப்பாய் விரித்துத் தொட்டியை நிறுத்திவிட்டேன். தண்ணீர் பாதி ஏறும்போதே மேற்குப் பக்கம் விளிம்பு இரண்டு விரல்கடை தாழ்ந்து தெரிந்தது. காலையில் பார்த்தால் அந்தப் பக்கத்துக் கால்கள் புது மண்ணில் புதைந்து, ஷீட் வயிறு முட்டிக்கொண்டு நின்றது. அத்தனை தண்ணீரையும் திறந்துவிட வேண்டியதாயிற்று. கோடைக்காலத்தில் அது சாக்கடையில் ஓடியதை நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

மறுபடி கொத்தனாரை வைத்துச் செய்தோம். மேட்டை வெட்டித்தான் பள்ளத்துக்குச் சமமாக்க வேண்டும், பள்ளத்தில் மண் கொட்டித் தூக்கக்கூடாது. தண்ணீர் நிரப்பிய டியூப்பால் மட்டம் பிடித்து, தொட்டியின் ஒவ்வொரு கால் விழும் இடத்திலும் பார்த்தார். கால்களுக்கு அடியில் ஒவ்வொரு சிமென்ட் பலகை, நடுவில் சலித்த மணல் ஒரு அங்குலம், அதன்மேல் தார்ப்பாய். ஒரு கூழாங்கல் இருந்தாலும் ஷீட்டைக் குத்திவிடும் என்று அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளங்கையால் மணலைத் தடவித் தடவிப் பார்த்தார். அன்றைக்கு நிரப்பிய தொட்டி இன்றும் அசையவில்லை.

மேட்டூர்த் தண்ணீர் நமக்குக் குடிக்க வருவது, அதை இதில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. போர்த் தண்ணீர் ஊற்றினோம். அது உப்பு, கடினத் தண்ணீர். ஓரங்களில் வெள்ளையாகப் படியும், துடைத்துவிட்டால் போகும். தண்ணீரைச் சுத்தமாக வைப்பது குளோரின். லிட்டருக்கு ஒன்றிலிருந்து மூன்று மில்லிகிராம் வரை இருக்க வேண்டும், தண்ணீரின் புளிப்பு, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில். எங்கள் தொட்டிக்குப் புது ப்ளீச்சிங் பவுடர் 30 கிராம் போட்டால் ஏறக்குறைய இரண்டு மில்லிகிராம் வரும். வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். வெயில் குளோரினைச் சீக்கிரம் அழித்துவிடும், அதனால் பொழுது சாய்ந்தபின் போடுங்கள். மறுநாள் காலையில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தபிறகுதான் பிள்ளைகள் இறங்க வேண்டும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ப்ளீச்சிங் பவுடர் பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் விஷவாயு.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், கேரளத்தில் 2024-லும் 2025-லும் மூளையைத் தாக்கும் அமீபா நோய் வந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் ஒருவகை அமீபா, குளோரின் இல்லாத வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்ந்து மூக்கு வழியாக ஏறுவது. இன்னொரு காரணம், டெங்கு கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். ஒரு வாரம் பத்து நாள் சும்மா கிடந்தால் போதும், முட்டை கொசுவாகிவிடும். ஃபில்டர் மோட்டார் தினமும் ஓட வேண்டும். அதற்கு எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே டிரிப் ஆகி லைனை நிறுத்திவிடும் ஆர்சிசிபி சுவிட்சும் கட்டாயம். பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டார் நிற்கட்டும்.

கோடை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கடைசி நாலைந்து நாள் குளோரின் போடாமல் வெயிலில் திறந்து வையுங்கள். அந்த நாட்களில் யாரும் இறங்கக்கூடாது. தாளில் குளோரின் தெரியவில்லை என்றால் தென்னைக்கும் மாமரத்துக்கும் பாய்ச்சலாம்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். தண்ணீரில் முழுகும் குழந்தை கத்தாது. வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது சத்தம் எங்கிருந்து வரும்? இரண்டடித் தண்ணீர், இரண்டு நிமிடம், அடுப்பில் பால் பொங்கியதென்று ஓடிய நேரம் போதும். அதனால் தொட்டியைச் சுற்றி நாலு பக்கமும் நாலடி உயரக் கம்பி வேலி, தானாக மூடிக்கொள்ளும் கேட் போட்டோம். பிள்ளைகள் வெளியே வந்ததும் ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுகிறோம்.

அப்படியும் ஒரு குழந்தை முழுகிவிட்டால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க வேண்டாம். தலைக்குமேல் தூக்கிச் சுற்றவும் வேண்டாம். நம் ஊரில் இன்னும் செய்கிறார்கள், உயிர் போகும் நேரம் அதில்தான் கழிகிறது. மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து இரண்டு முறை ஊத வேண்டும், பிறகு நடுநெஞ்சில் முப்பது முறை அழுத்த வேண்டும், மாறி மாறி. இன்னொருவர் 108-க்குக் கூப்பிடட்டும். வீட்டில் இரண்டு பேராவது இதை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. அதில் ஆள் உட்காராமல் பிள்ளைகள் இறங்கக்கூடாது. உட்காருபவர் நீச்சல் தெரிந்தவராக இருக்க வேண்டும், கையில் போன் இருக்கக்கூடாது. எழுந்தால் பிள்ளைகளையும் வெளியே ஏற்றிவிட வேண்டும். சின்னவள் இப்போது கைகளை விரித்து மல்லாந்து மிதக்கிறாள். இந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் என் அக்காவின் முறை. அந்தக் காலத்தில் பெரியப்பா காவல் இருந்த கிணற்றிலேயே குதித்தவர் அவர்.

வணக்கம்.