பணம் வராத நாள்ல உங்க பில்லிங் சாஃப்ட்வேர் என்ன பண்ணும்?

வணக்கம் மக்களே. ஸ்டாண்டோட ஒரு கால் உடைஞ்சு போச்சு, அதனால கேமரா லேசா சாஞ்சிருக்கும். கண்டுக்காதீங்க.

வெப் ஹோஸ்டிங் ஆரம்பிக்கணும்னு என்கிட்ட வர்றவங்க, சர்வர் எங்க வாங்கலாம், கன்ட்ரோல் பேனல் எது போடலாம்னு மணிக்கணக்கா கேப்பாங்க. பில்லிங்குக்கு என்ன வச்சிருக்கீங்கன்னு நான் திருப்பிக் கேட்டா, "அது ஏதாச்சும் ஒண்ணு போட்டுக்கலாம் ப்ரோ"ன்னு பதில் வரும். குறை சொல்லல, நானும் அதே ஆளாத்தான் இருந்தேன். ஆனா சர்வரை மாத்துறது ரெண்டு மூணு ராத்திரி வேலை. பில்லிங்கை மாத்துறது குடும்பத்தோட வீடு மாறுற மாதிரி. எந்தச் சாமான் எந்த மூட்டையில இருக்குன்னு ஆறு மாசம் கழிச்சும் தேடிட்டு இருப்பீங்க.

பில்லிங் சாஃப்ட்வேர் பாக்குற வேலையை யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் ஆர்டர் போட்டதும் இன்வாய்ஸ் போடுது. ஆன்லைன்ல பணம் வாங்கித் தர்ற பேமென்ட் கேட்வேகிட்ட பணம் வந்துச்சான்னு கேக்குது. வந்துச்சுன்னா சர்வர்ல போய் அக்கவுன்ட் திறக்குது, டொமைன், அதாவது வெப்சைட் பேரு, அதை விக்கிற ரெஜிஸ்ட்ரார்கிட்ட பதியுது, வெல்கம் மெயில் அனுப்புது. அடுத்த வருஷம் ரினியூவலுக்கு ஞாபகப்படுத்துது, கட்டலைன்னா சஸ்பெண்ட் பண்ணுது, அப்பவும் கட்டலைன்னா அழிச்சிடுது. கல்லாப்பெட்டியும் அதுதான், வாட்ச்மேனும் அதுதான், வாடகை தராதவங்களைக் காலி பண்ண வைக்கிற ஆளும் அதுதான்.

டெமோவுல எல்லா சாஃப்ட்வேரும் அழகாத்தான் இருக்கும். டெமோ கஸ்டமர் கரெக்டா பணம் கட்டிடுவாரு பாருங்க, அதான். நிஜத்துல கார்டு காலாவதி ஆகும், பாதிப் பணம் வரும், ஒரே பணம் ரெண்டு தடவை வரும். அன்னைக்கு இது எப்படி நடந்துக்குதுன்னு பாத்துத்தான் நீங்க தேர்ந்தெடுக்கணும்.

என் கதையையே சொல்றேன். சாஃப்ட்வேர் பேரு வேணாம், தப்பு முழுக்க என்னோடது. ஒரு தடவை சர்வர்ல பிஎச்பி, அதாவது அந்த சாஃப்ட்வேரை எழுதின மொழி, அதோட வெர்ஷனை ஏத்தினேன். சைட்டைத் திறந்து பாத்தேன், லாகின் ஆச்சு, டெஸ்ட் ஆர்டரும் போச்சு. நிம்மதியா படுத்துட்டேன். பிரவுசர் வழியா ஓடுற பிஎச்பி வேற, க்ரான்ல, அதாவது குறிச்ச நேரத்துக்குத் தானா எந்திரிச்சு இன்வாய்ஸ், சஸ்பெண்ட் மாதிரி வேலையைப் பாக்குற இடத்துல, ஓடுற கமாண்ட் லைன் பிஎச்பி வேறங்கிறது அப்ப மண்டையில ஏறல. அந்த சாஃப்ட்வேரோட கோடை என்கோட் பண்ணி வச்சிருப்பாங்க, அதைப் படிக்கத் தனியா ஒரு லோடர் வேணும். வெப் பக்கம் லோடரைப் போட்டேன், கமாண்ட் லைன் பக்கம் போடல. க்ரான் ஒவ்வொரு தடவையும் எந்திரிக்குது, முதல் வரியிலேயே விழுந்து செத்துடுது. எர்ரர் மெயில் போன முகவரி நான் எட்டிக்கூடப் பாக்காத ஒண்ணு. இப்படியே 19 நாள். ஒரு இன்வாய்ஸ்கூடப் போகல. "என்னடா இந்த மாசம் கலெக்‌ஷன் டல்லா இருக்கே"ன்னு நான் கேட்வே மேல சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

அதுகூடப் பரவாயில்ல. கண்டுபிடிச்ச வேகத்துல லோடரைப் போட்டு க்ரானை அப்படியே ஓட விட்டேன் பாருங்க, அங்கதான் மாட்டினேன். தேங்கிக் கிடந்த இன்வாய்ஸ் எல்லாம் ஒரே காலையில கிளம்பிடுச்சு, பாதிக்கு மேல கெடு தேதி ஏற்கெனவே தாண்டினது. மறுநாள் க்ரான் வந்து, இவங்க கெடு தாண்டி இத்தனை நாள் ஆச்சேன்னு வரிசையா சஸ்பெண்ட் பண்ணிடுச்சு. அவங்களுக்கு முதல் பில்லே நேத்துதான் வந்திருக்கு, இன்னைக்கு சைட்டைக் காணோம். அன்னைக்கு நான் வாங்கின திட்டை இங்க சொன்னா வீடியோவை இறக்கிடுவாங்க.

அதனால எந்த சாஃப்ட்வேரை டிரையல்ல போட்டாலும் நான் முதல்ல பாக்குறது இதைத்தான். க்ரான் கடைசியா எப்ப ஓடிச்சுன்னு அட்மின் பக்கத்துல கண்ணுல படுற மாதிரி காட்டுதா? இன்வாய்ஸ் போடுறதை ஓட விட்டுட்டு சஸ்பெண்ட் பண்றதை மட்டும் தனியா நிறுத்தி வைக்க முடியுதா? ஒரு குறிப்பிட்ட கஸ்டமருக்கு மட்டும், "இவரை இந்தத் தேதி வரைக்கும் தொடாதே"ன்னு சொல்லி வைக்க முடியுதா? டெர்மினேட், அதாவது அக்கவுன்டையே அழிக்கிற வேலை, அதை நான் எப்பவும் ஆட்டோவுல விடுறதே இல்ல. கையால பண்றேன். சோம்பேறித்தனத்தால டிஸ்க் கொஞ்சம் வீணாப் போனாலும் போகட்டும்.

அடுத்தது வெப்ஹுக். பணம் வந்ததை கேட்வே உங்க சாஃப்ட்வேருக்கு ஒரு மெசேஜா அனுப்பும். அந்த மெசேஜ் சில சமயம் ரெண்டு தடவை வரும், சில சமயம் லேட்டா வரும். ஸ்ட்ரைப் மாதிரி கேட்வே எல்லாம் இதை அவங்க டாக்குமென்ட்லயே எழுதி வச்சிருக்காங்க. ரெண்டாவது மெசேஜை, "இது பழைய ட்ரான்ஸாக்‌ஷன்தானே"ன்னு கண்டுபிடிச்சு ஒதுக்குதா, இல்ல கஸ்டமர் கணக்குல ரெண்டாவது தடவை வரவு வைக்குதா? டெஸ்ட் மோடுல அதே மெசேஜை நீங்களே திரும்ப அனுப்பிப் பாருங்க. பத்து நிமிஷம்கூட ஆகாது. அதே மாதிரி, பணம் கட்டினதும் சஸ்பெண்ட் தானா எடுபடணும். ராத்திரி 2 மணிக்குக் கட்டினவர் நீங்க எந்திரிக்கிற வரைக்கும் காத்திருக்க மாட்டாரு.

சரி, டொமைன். இதுல கொஞ்ச நேரம் நிக்கணும், ஹோஸ்டிங்கை விட இதுலதான் உங்க கைக்காசு போகும்.

ஹோஸ்டிங் அக்கவுன்ட் உங்க சர்வர்ல இருக்கு, பத்து நாள் தள்ளிக் கட்டினாலும் நட்டமில்ல. டொமைன் உங்களோடது இல்ல. டாட் காம் ஒண்ணு காலாவதி ஆச்சுன்னா, டாட் காம் மொத்தத்தையும் நடத்துற ரெஜிஸ்ட்ரி தர்ற அவகாசம் 45 நாள் வரைக்கும்தான், அதுலயும் ரெஜிஸ்ட்ரார் எத்தனை நாள் தர்றாங்கங்கிறது அவங்க இஷ்டம். அது தாண்டி அழிச்சாங்கன்னா 30 நாள் ரிடெம்ப்ஷன், அதாவது மீட்டெடுக்கிற காலம், அதுக்குத் தனியா பெரிய தொகை கட்டணும். அப்புறம் 5 நாள், அதோட டொமைன் ஊர்ச் சொத்து. காலாவதிக்கு சுமார் ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, முடிஞ்ச 5 நாளைக்குள்ள இன்னொண்ணுன்னு ஞாபகப்படுத்தியே ஆகணும்னு, உலக அளவுல டொமைன் விதிகளைப் பாத்துக்குற ஐகேன் அமைப்பு விதி வச்சிருக்கு. அந்தப் பொறுப்பு ரெஜிஸ்ட்ராரோடதுதான், ஆனா நீங்க ரீசெல்லரா, அதாவது அவங்ககிட்ட வாங்கி விக்கிறவரா இருந்தா கஸ்டமர் திட்டுறது உங்களைத்தான்.

இப்ப ஸ்க்ரீனைப் பாருங்க, காட்டுறேன். இங்க ரெண்டு தேதி இருக்கு. ஒண்ணு காலாவதி தேதி, இன்னொண்ணு நாம பணம் கேக்குற கெடு தேதி. இது ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் நிறைய பேர் மாட்டுறாங்க. கெடு தேதி சில நாளாவது முன்னாடி இருக்கணும். காலாவதி தேதியை ரெஜிஸ்ட்ரார்கிட்ட இருந்து தினமும் தானா எடுத்துட்டு வரணும், நாம டைப் பண்ணி வச்சதை நம்பிட்டு இருக்கக் கூடாது. ரிடெம்ப்ஷன் கட்டணத்தை டொமைன் வகைக்குத் தகுந்த மாதிரி போட இடம் இருக்கணும். இல்லைன்னா பழைய விலைக்கே ரினியூவல் பில் போடும், கஸ்டமர் சந்தோஷமா கட்டுவாரு, மிச்சம் உங்க பாக்கெட்ல இருந்து.

திருட்டுக் கார்டும் டொமைன் பக்கம்தான் அதிகம் வருது. ஆர்டர் வந்த நொடியிலேயே பதிஞ்சு கொடுத்துட்டா, ரெண்டு வாரம் கழிச்சு கார்டோட சொந்தக்காரர் புகார் பண்ணி பேங்க் பணத்தைத் திரும்ப எடுக்கிற சார்ஜ்பேக் வரும்போது ரெஜிஸ்ட்ரார்கிட்ட இருந்து காசு திரும்ப வராது. மேக்ஸ்மைண்ட், ஃப்ராட்லேப்ஸ் ப்ரோ மாதிரி மோசடி ஆர்டரைக் கண்டுபிடிக்கிற சோதனை முடிஞ்சதுக்கு அப்புறம்தான் பதியணும்னு வச்சுக்க முடியுதான்னு பாருங்க. புது கஸ்டமரோட முதல் ஆர்டரை கண்ணால பாத்துட்டு அப்ரூவ் பண்றது இன்னும் நல்லது.

ஆமா, எது வாங்கலாம்னு சொல்லவே இல்லையே.

டபிள்யூஎச்எம்சிஎஸ் எல்லாருக்கும் தெரிஞ்சது. எந்த ரெஜிஸ்ட்ரார், எந்த பேனல், எந்த கேட்வே எடுத்தாலும் அதோட இணைக்கிற ஒரு மாட்யூல் யாராவது எழுதி வச்சிருப்பாங்க. அதோட பலமே அதுதான். ஆனா லைசென்ஸ் கட்டணம் ஆக்டிவ் கஸ்டமர் எண்ணிக்கையைப் பொறுத்து ஏறும், கீழ்ப்படி 250 பேரோட முடியுது. மாசம் சின்னத் தொகை கட்டுற கஸ்டமர் நிறைய இருக்குற ஆளுக்கு இது உறுத்தும். இன்னொரு விஷயம், சிபேனல், பிளெஸ்க்ங்கிற ரெண்டு கன்ட்ரோல் பேனல், அப்புறம் டபிள்யூஎச்எம்சிஎஸ், மூணும் இன்னைக்கு வெப்ப்ரோஸ்ங்கிற ஒரே குடும்பம். 2019ல சிபேனல் அக்கவுன்ட் எண்ணிக்கைக்குக் காசுன்னு மாத்தினப்போ பல ஹோஸ்டிங்காரங்க ஒரே ராத்திரியில கணக்கைத் திருப்பிப் போட வேண்டியதாச்சு. பேனலும் பில்லிங்கும் ஒரே வீட்டுல இருந்தா, விலை ஏறும்போது ரெண்டு பக்கமும் இடி. இதை யோசிச்சு வச்சுக்கோங்க, அவ்வளவுதான் சொல்றேன்.

பிளெஸ்டா எனக்குப் பிடிக்கும். கோடு பெரும்பாலும் திறந்தே இருக்கு, படிச்சுப் பாக்கலாம், மாத்திக்கலாம். கஸ்டமர் எண்ணிக்கைக்குத் தனிக் காசு கிடையாது. குறைன்னா மாட்யூல் கம்மி. உங்க ரெஜிஸ்ட்ரார் அதுல இருக்கான்னு பாத்துட்டுத்தான் இறங்கணும். ஹோஸ்ட்பில் நிறைய சர்வர், கிளவுட்னு பெரிய அளவுல விக்கிறவங்களுக்கு. சின்ன ஆளுக்கு அது கொசு அடிக்க கோடாலி.

இலவசம் வேணும்னா, பாக்ஸ்பில்லிங் பராமரிப்பு இல்லாம போனதும் அதுல இருந்து பிரிஞ்சு 2022ல ஃபாஸ்பில்லிங் வந்துச்சு. பசங்க நல்லா பண்றாங்க. ஆனா வெர்ஷன் நம்பர் இன்னும் பூஜ்யத்துலதான் ஆரம்பிக்குது, அதை அவங்க சும்மா போடல. கத்துக்கப் போடுங்க, காசு வாங்குற இடத்துல நான் போட மாட்டேன். பேமென்டர்னு இன்னொண்ணு லாரவேல்ங்கிற பிஎச்பி ஃப்ரேம்வொர்க்ல எழுதினது, கேம் சர்வர் விக்கிறவங்க நிறைய வச்சிருக்காங்க.

நீங்க புதுசா ஆரம்பிக்கிறீங்க, பகிர்வு ஹோஸ்டிங், கொஞ்சம் டொமைன், அவ்வளவுதான்னா, என் ஓட்டு பிளெஸ்டாவுக்கு. உங்க கேட்வேயோ ரெஜிஸ்ட்ராரோ அதுல இல்லைன்னா டபிள்யூஎச்எம்சிஎஸ். மாட்யூலை நீங்களே எழுதிக்கலாம்னு கிளம்பாதீங்க, கேட்வே அவங்க ஏபிஐயை, அதாவது மத்த சாஃப்ட்வேர் அவங்களோட பேசுற வழியை, மாத்துற ஒவ்வொரு தடவையும் நீங்கதான் உக்காந்து திருத்தணும்.

எதைப் போட்டாலும் ஹோஸ்டிங் சர்வர்லயே அதைப் போடாதீங்க, தனி இடத்துல வைங்க. உங்க எல்லா சர்வரோட சாவியும் அதுக்குள்ளதான் தூங்குது. 2012 மே மாசம் டபிள்யூஎச்எம்சிஎஸ் கம்பெனியையே உடைச்சாங்க, ஞாபகம் இருக்கா? அதுல கோடு ஓட்டை எதுவும் இல்ல. அவங்க சர்வர் இருந்த ஹோஸ்டிங் கம்பெனியோட சப்போர்ட்ல, நான்தான் அந்த ஆளுன்னு நடிச்சு லாகின் விவரத்தை வாங்கிட்டாங்க. கஸ்டமர் தரவு மொத்தமா வெளிய போச்சு. அதனால அட்மின் பக்கத்துக்கு ரெண்டாவது பூட்டு, ஏபிஐ டோக்கனுக்கு தேவையான அனுமதி மட்டும், கார்டு நம்பரை உங்க டேட்டாபேஸ்ல வைக்கவே கூடாது, அந்த நம்பருக்குப் பதிலா கேட்வே தர்ற டோக்கன் போதும்.

பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ் மட்டும் எடுத்துட்டு விட்டுடாதீங்க. டபிள்யூஎச்எம்சிஎஸ்ல கான்ஃபிகரேஷன் கோப்புக்குள்ள ஒரு என்க்ரிப்ஷன் சாவி இருக்கு. அது போச்சுன்னா டேட்டாபேஸ் கையில இருந்தும் மறைச்சு வச்ச பாஸ்வேர்டுகளைத் திறக்க முடியாது.

கடைசியா ஒண்ணு, வாங்குறதுக்கு முன்னாடியே வெளிய வர்ற வழியைப் பாருங்க. இன்வாய்ஸ், ட்ரான்ஸாக்‌ஷன், டிக்கெட் எல்லாத்தையும் முழுசா எடுக்க முடியுதா? பழைய இன்வாய்ஸ் நம்பர் தொடர்ச்சி அறுபடாம புது இடத்துல போகுமா? நடுவுல நம்பர் விட்டுப் போனா வரிக் கணக்கு பாக்குறவங்க கேள்வி கேப்பாங்க. கார்டு டோக்கன் கேட்வேக்குச் சொந்தம், அதனால பில்லிங்கும் கேட்வேயும் சேர்ந்து மாத்தினா பெரும்பாலும் எல்லா கஸ்டமரும் கார்டை மறுபடி போட வேண்டி வரும். ஒரு நேரத்துல ஒண்ணை மாத்துங்க. பிளெஸ்டாவுல டபிள்யூஎச்எம்சிஎஸ்ல இருந்து இழுக்குற வசதி உள்ளயே இருக்கு. அதை வச்சு ஒரு பழைய டேட்டாபேஸ் காப்பியை இழுத்துக் காட்டுறேன், அடுத்த வீடியோவுல. சஸ்பெண்டை அணைச்சு வச்சுட்டுத்தான், பயப்படாதீங்க.