வேலைப் பயிற்சி வகுப்பில் வேலை எங்கே?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தொழில் சொல்லிக்கொடுக்கும் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. 1890இல் ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்த எம்.எல். சுல்தான். அவர் பெயரில் எழுந்த தொழிற்கல்லூரி 2002இல் இன்னொரு கல்லூரியோடு இணைந்து, இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அன்று நம்மவர்கள் படிக்க இடம் தேடினார்கள். இன்று இடம் இருக்கிறது. பயிற்சிக்கென்று நிறுவனங்கள் சம்பளச் செலவில் 1 விழுக்காட்டைத் திறன் வரியாகவே கட்டுகின்றன. ஆனால் பல வகுப்புகளில் ஸ்லைடு ஓடுகிறது, பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள், கடைசியில் "குழுவாகப் பேசுங்கள்" என்கிறோம். அதைப் பயிற்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கிடங்கில் சரக்கு வாங்கி வைக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். பாடத்திட்டத்தைத் திறக்கும் முன், கிடங்கு மேற்பார்வையாளரிடம் போய், புதிதாக வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கேளுங்கள். எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள் என்பார். சரி, அந்த இடத்தையே வகுப்புக்குள் கொண்டுவருவோம்.

டெலிவரி நோட்டில், அதாவது சரக்கோடு வரும் தாளில், 24 பெட்டி. மேசையில் 23 வெற்று அட்டைப்பெட்டிகளை அடுக்குங்கள். ஒன்று நசுங்கியிருக்கட்டும், இன்னொன்றில் காலாவதித் தேதி கடந்திருக்கட்டும். ஒருவர் லாரி டிரைவர், அவருக்கு அவசரம். "சீக்கிரம் கையெழுத்துப் போடு" என்று ஜூலுவிலேயே நெருக்கட்டும். டர்பன் கிடங்கில் அப்படித்தானே கேட்கும்! பயிற்சிக்கு வந்த பிள்ளை கையெழுத்துப் போட்டுவிட்டால் உடனே "தப்பு" என்று சொல்லாதீர்கள். அடுத்த தாளை நீட்டுங்கள். அதில் மாதக் கடைசிக் கணக்கில் ஒரு பெட்டி குறைகிறது. சரக்கு அனுப்பியவர், பிள்ளை கையெழுத்திட்ட நோட்டின் நகலையே பதிலாக அனுப்பியிருக்கிறார். இப்போது என்ன செய்யலாம் என்று அவர்களே யோசிக்கட்டும். நீங்கள் அரைமணி நேரம் பேசினாலும் இவ்வளவு உறைக்காது.

எடுத்த எடுப்பில் இதில் தள்ளிவிடவும் கூடாது. முதலில் முழுதாக நிரப்பிய ஒரு டெலிவரி நோட்டைக் காட்டுங்கள், அடுத்து பாதி நிரப்பியது, அப்புறம்தான் வெற்றுத்தாள்.

இன்னொன்று. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவர் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். 5 நிமிடம் கழித்துப் பார்த்தபோது, பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களே கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். ஆகவே காலையில் நேற்றைய பாடத்தைத் திரும்பச் சொல்லாதீர்கள். நோட்டுப் புத்தகத்தை மூடச் சொல்லி, பெட்டி குறைந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று கேளுங்கள்.

கேட்டரிங், முதியோர் பராமரிப்பு, கடை கல்லா என்று உங்கள் வகுப்புகள் வேறு வேறு. படிவங்கள் கொண்டுவந்திருப்பவர்கள் நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு முன்மேசையில் வையுங்கள். தேநீருக்குப் பிறகு அவற்றை வைத்தே ஆளுக்கொரு பயிற்சி எழுதத் தொடங்குவோம்.