நுளம்பு பழகுவதில்லை: தேர்வும் தற்செயலும்

சபையோருக்கு வணக்கம்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ புகையடித்துவிட்டுப் போன மறுநாள் வழக்கமாகக் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "அடிச்சு அடிச்சு நுளம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு." கூர்ப்பைப் பற்றிய மிகப் பரவலான தவறு இந்த ஒரு வரியில் இருக்கிறது. எந்த நுளம்பும் பழகுவதில்லை; தாங்காதது செத்துப்போகிறது. மருந்து வருமுன்பே, தற்செயலாக நேர்ந்த விகாரத்தால் (பரம்பரையலகில் ஏற்படும் மாற்றத்தால்) தாங்குசக்தியோடு பிறந்த ஒருசில மட்டும் தப்பி முட்டையிடுகின்றன. மாறுவது தனி நுளம்பு அல்ல, குடித்தொகை, அதாவது நுளம்புக் கூட்டம் முழுவதும். இதுவே தேர்வு.

கணக்கோடு பார்ப்போம். தாங்குசக்தி தரும் எதிருரு (ஒரு பரம்பரையலகின் மாற்று வடிவம்) ஆயிரத்துக்கு ஒன்று என்ற வீதத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு நுளம்பிலும் அந்தப் பரம்பரையலகின் இரண்டு பிரதிகள். பத்து இலட்சம் நுளம்புகளில் இரண்டு பிரதியும் தாங்குசக்தியுடையதாக இருப்பது ஒன்றே ஒன்று. தாங்குசக்தியுள்ள ஒற்றைப் பிரதி மட்டும் உள்ளவையோ ஏறக்குறைய 2,000. முழு அளவு மருந்து ஒற்றைப் பிரதி நுளம்பையும் கொல்லுமானால், தப்புவது அந்த ஒன்றுதான். அதுவும் மருந்து படாத இடத்து நுளம்போடு கலந்தால் அதன் சந்ததி ஒற்றைப் பிரதியோடு பிறந்து அடுத்த தெளிப்பில் மாளும். கலவையில் தண்ணீர் கூடினால், அல்லது சுவரில் தெளித்த மருந்து நாட்பட வலுவிழந்தால், 2,000மும் தப்பிவிடும். மருந்துக்கான எதிர்ப்பை வேகமாக வளர்ப்பது இந்த அரைகுறை அளவுதான்.

இலங்கைக்கு இது ஏட்டுக்கல்வி அல்ல. 1963இல் நாடு முழுவதும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். தெளிப்பு நின்றது, கண்காணிப்பும் தளர்ந்தது. 1968-69இல் நோயாளர் தொகை இலட்சங்களைத் தொட்டது. அந்தப் பரவலுக்கு முதற்காரணம் தளர்வுதான், எதிர்ப்பு அல்ல. ஆனால் டி.டி.ரி என்ற நுளம்புக்கொல்லியை மறுபடி எடுத்தபோது அதன் பலம் குறைந்துபோயிருந்தது. 1977இல் மலத்தியோன் என்ற வேறொரு மருந்துக்கு மாறவேண்டி வந்தது.

இனித் தற்செயல். பலரும் இதை ஒதுக்கிவிடுவது எனக்குக் கவலை தருகிறது. நல்ல விகாரம் தோன்றினால் அது வென்றே தீரும் என்று நினைக்கிறோம். ஒரு சதவீத அனுகூலம் தரும் புதிய விகாரம் நிலைபெறும் வாய்ப்பு இரண்டு சதவீதம் மட்டுமே என்று 1927இல் பிரித்தானிய உயிரியலாளர் ஹால்டேன் கணித்துக் காட்டினார். முதலில் அதைச் சுமப்பது ஓர் உயிர்தான். அதை மீன் விழுங்கிவிட்டால் கதை முடிந்தது.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பையில் 10 சிவப்பு மணி, 10 வெள்ளை மணி; ஒவ்வொரு மணியும் ஓர் எதிருருவின் ஒரு பிரதி. பாராமல் ஒன்றை எடுத்து, நிறத்தைக் குறித்து, திரும்பப் போடுங்கள். இப்படி 20 தடவை. வந்த எண்ணிக்கைப்படி பையை நிரப்பினால் அதுவே அடுத்த தலைமுறை. எடுத்த மணியைத் திரும்பப் போட மறந்தால் எப்போதும் 10க்கு 10தான் வரும், தற்செயலே காணாமற்போகும். மாணவர் விடும் பிழை பெரும்பாலும் இதுதான். சரியாகச் செய்தால், எந்த நிறத்துக்கும் அனுகூலம் இல்லாதபோதும், சராசரியாக 28 தலைமுறையில் ஒரு நிறம் அறவே மறையும். ஆய்வாளர் பீற்றர் பூரி 1956இல் வெளியிட்ட சோதனையில் இதையே பழ ஈக்களில் காட்டினார்: 107 குடித்தொகைகள், ஒவ்வொன்றிலும் 8 ஆண், 8 பெண். ஓர் எதிருரு சரிபாதி வீதத்தில் தொடங்கி, 19 தலைமுறைக்குப் பின் 30 குடித்தொகைகளில் மறைந்துபோயிற்று. 28 குடித்தொகைகளில் அது மட்டுமே எஞ்சியது.

தேர்வா தற்செயலா என்பதைத் தீர்ப்பதில் குடித்தொகையின் பருமனுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு சதவீத அனுகூலம், தொடக்க ஆபத்தைத் தாண்டிப் பரவிவிட்டால், இலட்சம் உயிர்களிடையே பலிக்கும். 50 உயிர்களிடையே தற்செயலில் அமிழ்ந்துபோகும். சிறு கூட்டத்தில் தீங்கான எதிருருகூட நிலைத்துவிடலாம். நமது ஈரவலயக் காடுகள் தேயிலைக்கும் றப்பருக்குமாகத் துண்டாடப்பட்டுக் கிடக்கின்றன. ஒவ்வொரு துண்டிலும் ஒதுங்கிய சிறு கூட்டம் வெளியே நலமாகத் தெரியும், உள்ளே எதிருருக்களை இழந்துகொண்டிருக்கும். தலைமுறைக்கு ஓர் உயிர் வெளியிலிருந்து வந்து கலந்தாலே இந்த இழப்பைப் பெருமளவு தடுக்கலாம் என்பது பிறப்புரிமையியலாளர் (பரம்பரை இயல்புகளை ஆராய்பவர்) கைக்கொள்ளும் விதி. வந்தால் மட்டும் போதாது, அது அங்கே இனம்பெருக்கவும் வேண்டும். ஆகவே நடைமுறையில் ஒன்றுக்குப் பதிலாகப் பலவற்றை விடவேண்டியிருக்கும்.