விருந்து உடையை உட்கார்ந்து பாருங்கள்

வணக்கம் நேயர்களே.

என் தையலறையில் ஆளுயரக் கண்ணாடிக்கு எதிரே ஒரு மர நாற்காலி போட்டிருக்கிறேன். கைப்பிடி கிடையாது, முதுகு நிமிர்ந்த சாதாரணச் சாப்பாட்டு நாற்காலிதான். மாலை விருந்துக்கு உடை தைக்கக் கொடுத்தவர்கள் ட்ரையல் பார்க்க வரும்போது கண்ணாடி முன் நின்று இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார்கள். "நல்லா இருக்கு, கழற்றிடட்டுமா?" என்பார்கள். "கொஞ்சம் உட்காருங்க" என்பேன்.

அந்த நாற்காலி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்ணுக்குக் கரும்பச்சை சாட்டினில் தரை தொடும் கவுன் தைத்துக் கொடுத்தேன். நின்றால் ஒரு சுருக்கம் இல்லை. விருந்து முடிந்த மறுநாள் கவுனோடு வந்தார். "மூணு மணி நேரமும் மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். பக்கத்துல இருந்தவங்க என்ன பேசினாங்கன்னே ஞாபகமில்லை" என்றார். குறை என்னுடையது. நிற்க வைத்து மட்டும் அளவெடுத்திருந்தேன். உட்கார்ந்தால் இடுப்புச் சுற்றளவு ஒரு அங்குலமாவது கூடும், சிலருக்கு ஒன்றரை, இரண்டுகூட வரும். அன்றிலிருந்து விருந்து உடைக்கு இரண்டு முறை அளவெடுக்கிறேன்.

பெண்கள் விருந்து உடையைத் தேர்ந்தெடுக்கும்போது, உள்ளே நுழையும் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நினைக்கிறார்கள். மீதி நேரம் முழுவதும் மேஜை முன்தான் இருக்கப்போகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நடன உடை வேறு, விருந்து உடை வேறு. நடன உடைக்குக் கழுத்து தாழ்வாக, கை குட்டையாக இருக்கும். விருந்து உடையில் கழுத்து கொஞ்சம் ஏறும், கையும் சற்று நீளும். பந்தியில் எதிரே இருப்பவருக்குத் தெரிவது கழுத்தும் தோளும் கையும்தான் என்று அந்தக் காலத் தையல்காரர்கள் அறிந்திருந்தார்கள்.

அழைப்பிதழில் ஒரு வரி இருக்கும், அதிலிருந்து தொடங்குவோம். 'ஒயிட் டை' (வால் வைத்த கோட்டும் வெள்ளை வில் டையும், இருப்பதிலேயே கடுமையான முறை), 'பிளாக் டை' (கருப்பு வில் டையும் டக்சீடோ கோட்டும், அதற்கு அடுத்த படி), 'லவுஞ்ச் சூட்' என்றெல்லாம் போட்டிருப்பார்கள். கவனித்தால், அத்தனையும் ஆண்களின் உடையைச் சொல்லும் சொற்கள். பெண்கள் அதை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒயிட் டை என்றால் தரை தொடும் கவுன், அதில் மாற்றமில்லை. பிளாக் டை என்றால் நீளக் கவுன் பொருந்தும், முழங்காலுக்குக் கீழே இறங்கும் நேர்த்தியான உடையும் இப்போது ஏற்கப்படுகிறது. 'காக்டெய்ல்' என்று போட்டிருந்தால் முழங்காலை ஒட்டிய நீளம் போதும். லவுஞ்ச் சூட் என்றால் ஆண்கள் சாதாரண கோட்-சூட்டில் வருவார்கள், நீங்களும் தரை தொடும் கவுனில் போக வேண்டியதில்லை. 'ஃபார்மல்' என்று மட்டும் இருந்தால் அழைத்தவரிடமே கேட்டுவிடுங்கள். கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. யாரும் சங்கடப்படக் கூடாது என்றுதான் அவர்களும் நினைப்பார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்த விதிகளில் மிகக் கடுமையானதுகூட அவரவர் நாட்டு உடைக்கு இடம் விடுகிறது. ஆண்டுதோறும் டிசம்பர் 10 அன்று ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தில் நோபல் விருந்து நடக்கிறது. சுமார் 1,300 பேர் கூடும் ஒயிட் டை விருந்து அது. அங்கேயும் நாட்டு உடை அணிந்து வரலாம். அதனால் "வெளிநாட்டார் விருந்தாச்சே, புடவை கட்டலாமா?" என்று யாராவது கேட்டால், தயங்காமல் கட்டுங்கள் என்பேன். ஒரே ஒரு யோசனை: முந்தானையைத் தோளில் மடித்துக் குத்திக்கொள்ளுங்கள். விரித்துவிட்ட முந்தானை நிற்கும்போது அழகு. உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியின் காலுக்கடியில் போய்விடும், எழுந்திருக்கும்போது தோளில் குத்திய ஊசி இழுத்துத் துணி கிழியும்.

துணிக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. விருந்துக்கு நான் முதலில் கை வைப்பது கிரேப் துணியில். முறுக்கேற்றிய நூலில் நெய்தது. உட்கார்ந்து எழுந்தாலும் சுருக்கம் தங்காது, உடம்போடு இழைந்து விழும். சாட்டின் வெளிச்சத்தில் மின்னும். ஆனால் மடியில் விழுந்த மடிப்பு எழுந்த பிறகும் அப்படியே நிற்கும். பட்டுச் சாட்டினில் தண்ணீர்த் துளி பட்டாலே திட்டு விழும், சாப்பாட்டு மேஜையில் இதை மறக்கக் கூடாது. வெல்வெட்டுக்கு வேறு சிக்கல். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதன் மயிரிழைகள் பின்பக்கம் படிந்து, எழுந்ததும் அங்கே மட்டும் வேறு நிறமாகத் தெரியும். இஸ்திரிப் பெட்டியை மேலே வைத்து அழுத்தினால் நிரந்தரமாகப் படிந்துவிடும். ஆவி காட்டித்தான் நிமிர்த்த வேண்டும். லினன் மாலை விருந்துக்கு வேண்டவே வேண்டாம்.

சம்கி வேலைப்பாடு வேண்டுமென்று கேட்பவர்களிடம், அக்குளுக்கும் உள்கைக்கும் அருகே அதைத் தவிர்க்கச் சொல்வேன். கரண்டியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சம்கியின் விளிம்பு தோலை உரசும், இரவு முடிவதற்குள் சிவந்து கன்றிப்போகும். மணிக்கட்டில் சம்கி இருந்தால் மேஜை விரிப்பின் நூலில் மாட்டிக்கொள்ளும். அகன்று தொங்கும் கையும் அப்படித்தான்: உப்புக் குப்பியை எடுக்கக் கையை நீட்டினால் சூப்பில் தோயும். முழங்கையோடு நிற்கும் கையோ, மணிக்கட்டில் ஒட்டிப் பிடிக்கும் கையோ நிம்மதி.

கருப்பு எப்போதும் சரியா என்று கேட்பார்கள். சரிதான். 1926 அக்டோபரில் வோக் என்ற ஃபேஷன் இதழ், பாரிஸ் வடிவமைப்பாளர் ஷனேல் வடிவமைத்த நீளக்கை வைத்த எளிய கருப்பு உடை ஒன்றின் படத்தைப் போட்டு, அதை ஃபோர்டு காரோடு ஒப்பிட்டது, எல்லோருக்கும் ஏற்றது என்ற பொருளில். ஏறக்குறைய நூறு ஆண்டு கழிந்தும் இன்னும் அது செல்லுபடியாகிறது. வேறு நிறம் பிடிக்குமென்றால் கடையின் வெள்ளை வெளிச்சத்தை நம்பாதீர்கள். மெழுகுவத்தியும் மஞ்சள் விளக்கும் எரியும் அறையில் கருநீலம் கருப்பாகவே தெரியும், ஊதா மங்கும். சிவப்பும் தங்கமும் அங்கே உயிர் பெறும். இரவில் வீட்டு மஞ்சள் விளக்கின் கீழ் துணியைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கவுன்தான் போட வேண்டுமென்ற கட்டாயமும் இப்போது இல்லை. 1966இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரன், ஆண்கள் பிளாக் டை விருந்துக்குப் போடும் டக்சீடோவைப் பெண்களுக்கென்று வடிவமைத்தபோது, கால்சட்டை அணிந்த பெண்களை உள்ளே விடாத உணவகங்கள் இருந்தன. நன்றாக வெட்டித் தைத்த கருப்புக் கால்சட்டையும் பட்டுச் சட்டையும் இன்று பெரும்பாலான பிளாக் டை விருந்துகளுக்குப் பொருந்தும். உட்கார்ந்து சாப்பிட அதைவிட வசதியான உடை எனக்குத் தெரியாது.

நகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கழுத்திலோ காதிலோ ஓரிடத்தில் பேசட்டும். கை நிறைய வளையல் தட்டிலும் கண்ணாடிக் குவளையிலும் இடித்துக்கொண்டே இருக்கும். வாசனைத் திரவியம் குறைவாக, சாப்பாட்டின் மணத்தை அது மறைக்கக் கூடாது. முழங்கைக்கு மேல் வரும் நீளக் கையுறை போட்டால் மேஜையில் உட்கார்ந்ததும் கழற்றி மடியில் வைத்து, மேலே நாப்கினைப் போட்டுக்கொள்ள வேண்டும். கைப்பை சிறியதாக இருந்தால் அதுவும் மடியிலேயே தங்கும், மேஜைமேல் வைக்க வேண்டாம். கருப்பு உடையில் வெள்ளை நாப்கினின் பஞ்சு ஒட்டும். கேட்டால் கருப்பு நாப்கின் தரும் உணவகங்கள் உண்டு. குளிரூட்டிய அறையாக இருக்கும், ஒரு சால்வை கையோடு இருக்கட்டும்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னால், செருப்பு உட்பட எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்காருங்கள். அந்த உடையிலேயே கால் மணி நேரம் இருங்கள். முழங்காலை மூடிய உடை உட்கார்ந்ததும் நான்கைந்து விரற்கடை மேலேறும், அது உங்களுக்குச் சம்மதமா என்று பாருங்கள். முன்னால் குனிந்து ஒரு குவளையை எடுங்கள். கழுத்து விலகுகிறதா? தோள்பட்டி நழுவுகிறதா? ஜிப் முதுகில் குத்துகிறதா? இரண்டு நாள் இருந்தால் எந்தத் தையல்காரரும் சரி செய்து கொடுப்பார்.

அந்தப் பச்சைக் கவுனைச் சொன்னேனே, அதன் பக்கத் தையல்களில் நல்லவேளை உள்ளே துணி விட்டிருந்தேன். பிரித்து, இருபுறமும் முக்கால் அங்குலம் தளர்த்தி, லைனிங்கையும் மாற்றிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அடுத்த விருந்துக்கு அதையே போட்டுக்கொண்டு போனார். மறுநாள் தொலைபேசியில் கூப்பிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தவர் சொன்ன கதைகளை அரைமணி நேரம் எனக்குத் திருப்பிச் சொன்னார். கவுனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நன்றி, வணக்கம்.